தள்ளினால் போகிற கூரை

கூரை என்றால் என்னிடம்தான் கேட்க வேண்டும். பெருமைக்குத்தான் சொல்கிறேன், இதில் என்ன வெட்கம்? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தலையில் சும்மாடு வைத்து ஓடு சுமந்தவன் நான். இன்று திருத்தங்கலில் எனக்குச் சொந்தமாகக் கடை, கோடவுன், லாரி. சிவகாசி ரோட்டில் பைக்கில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் பார்க்கிற தகரத்தில் பாதி நான் ஏற்றி அனுப்பிய லோடு. தகரத்தை விரலால் சுண்டினால் போதும், சத்தத்தை வைத்தே கனம் சொல்லிவிடுவேன்.

அப்படிப்பட்டவனுக்கு என் வீட்டுக்காரி தலைக்கு மேலே ஒரு கூரை போட வழி தெரியவில்லை.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்கு, அதாவது வெடிமருந்து கலக்கிற அறைக்கு, கூரை போடுவது தனி வேலை. சுவர் கெட்டியாக இருக்க வேண்டும், கூரை இலேசாக இருக்க வேண்டும். உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் கூரை தொப்பி மாதிரி கழன்று மேலே போய்விட வேண்டும். இருக்கிறவர்கள் மேல் இறங்கிவிடக் கூடாது. அதனால் தகரத்தைப் பெயருக்குத்தான் கொக்கி போட்டு நிறுத்துவோம். என் ஆட்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

என் வீட்டுக்காரியின் தம்பி வேலை பார்த்த இடத்தில், மழைக்கு ஒழுகுகிறது என்று கான்கிரீட் தளம் போட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் மருந்து வெடித்து அது இறங்கிவிட்டது. அவன் தீயில் போகவில்லை, தளத்துக்கு அடியில் போனான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குப் பிரியமில்லை.

அன்றிலிருந்து அவள் தளத்துக்குக் கீழே படுத்ததில்லை. கல்யாண வீட்டில் வாசல் பந்தலிலேயே இலை போடச் சொல்வாள். விருதுநகர் ஆஸ்பத்திரியில் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது, கேட்டுக்குப் பக்கத்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு போனில்தான் என்னைக் கவனித்துக்கொண்டாள். "சாப்பிட்டீகளா?" என்பாள். "மேலே வாயேன்" என்பேன். "நீங்க சொகமாகி எறங்கி வாங்க" என்பாள்.

அதனால் மல்லாங்கிணற்றில் ஊருக்கு வெளியே, கரிசல் காட்டைப் பார்த்து வீடு கட்டியபோது தகரக் கூரைதான் போட்டேன். தேக்குக் கதவு, கிரானைட் தரை, மேலே தகரம். மகனுடைய மாமனார் விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருக்கிறவர். பால் காய்ச்சுகிற அன்றே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன சம்பந்தி, ஊருக்கெல்லாம் கூரை போடுறீக, உங்க வீட்டுக்கு மருந்து ரூமைத் தூக்கிட்டு வந்துட்டீகளே. உள்ள சரவெடி கிரவெடி சுத்துறீகளா?"

"உங்க மண்டி மாதிரி நெடி அடிக்காது சம்பந்தி. இங்கன காத்து எம்புட்டு வருதுன்னு உக்காந்து பாருங்க" என்றேன்.

காற்று வந்தது. இந்த வைகாசியில், ஒரு சாயங்காலம், மழைக்கு முன்னால் மேற்கே செம்மண் நிறத்தில் கிளம்பி வந்தது. நான் கடையில் இருந்தேன். மகன் போன் பண்ணி, நான் வந்து சேர்ந்தபோது என் வீட்டுத் தகரம் பக்கத்துப் புஞ்சையில் கிடந்தது. கூடத்துக்கும் அவளுடைய அறைக்கும் மேலே வெறும் வானம். நனைந்த கட்டிலில் முறத்தைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று நினைத்து ஓடினேன். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"பாத்தீகளா? மேல போயிருச்சு. எம்மேல ஒரு தூசி விழல."

மறுநாள் கூரை போட்ட மேஸ்திரியைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

"ஏலே, என்னலே வேலை இது? இறுக்கவே இல்லை. ஒரு கொக்கி விட்டு ஒரு கொக்கி!"

"நீங்க சொல்லிக் குடுத்த வேலைதானே அண்ணாச்சி? நாங்க என்னைக்கு வீட்டுக்குப் போட்டோம்? எல்லாம் மருந்து ரூமுதான். கை அதுவாப் போயிருச்சு" என்றான். "நீங்களும் கீழ நின்னு பாத்துட்டு நல்லாருக்குன்னுதானே சொன்னீக?"

சொன்னேன். என் கண்ணுக்கும் அது நல்ல வேலையாகத்தான் பட்டது.

மகன் ஒரே பிடியாக நின்றான். "அப்பா, இனி ஐப்பசி மழை வேற இருக்கு. தளத்தைப் போட்டு விடுங்க. அம்மாவை நான் சரிக்கட்டுறேன்."

அவள் உள்ளே இருந்தே பதில் சொன்னாள். "தாராளமாப் போடுங்க. நான் எங்க அண்ணன் தோட்டத்துல ஓலைக் கொட்டாய்க்குப் போறேன். அப்பாவும் மகனும் தளத்துல சொகமா இருங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கொடியில் கிடந்த அவள் சேலைகளைக் காணோம். மடித்துப் பையில் வைத்திருந்தாள். பிழைப்புக்காக ஊர் ஊராய் அலைந்த காலத்தில்கூட என்னை விட்டுப் போகாதவள், ஒரு கூரைக்காகப் போகத் தயாராக இருந்தாள்.

விடுவேனா? நம்மிடம் இல்லாத சரக்கா? முற்றத்தில் மாதிரிக்கு எல்லாவற்றையும் இறக்கினேன். மண் ஓட்டைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ஒண்ணு சரிதான். இதுமாதிரி எம்புட்டு மேல நிக்கும்?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சிமென்ட் ஷீட்டைத் தொடக்கூட இல்லை.

மதுரையில் இருந்து ஒரு கம்பெனிப் பையனை வரவழைத்தேன். அவன் கொண்டுவந்தது ஷிங்கிள்ஸ். தாரில் ஊறி, மேலே பொடிக்கல் ஒட்டின அட்டை மாதிரி இருக்கும். மீன் செதிலைப்போல ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி, அடியில் பலகை கொடுத்து ஆணி அடிக்க வேண்டும். நம் வெயிலுக்கு அந்தத் தார் இளகி ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளும். காற்றுக்கு விரல் நுழைக்க இடுக்கு கிடையாது. பிய்த்துப் பார்த்தேன், நகம்தான் வலித்தது. நல்ல சாமான், கனமும் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவள் அந்தப் பையனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏப்பா, கீழருந்து தள்ளுனா போகுமா?"

அவன் குஷியாகிவிட்டான். "போகவே போகாதும்மா! புயலே வந்தாலும் அசையாது."

அவள் எழுந்து போய்விட்டாள். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தான். கூரைக்கு எது நல்லதோ அதுதான் அவளுக்கு ஆகாது என்பதை நான் எப்படி அவனுக்கு விளக்க? காபி கொடுத்து அனுப்பினேன்.

உள்ளே போய்க் கத்தினேன். "ஏ புள்ள, அது பட்டாசுக் கம்பெனி, இது வீடு. இங்கன என்ன மருந்தா கிடக்கு?"

"கேஸு இருக்குல்ல?"

"அது அடுப்படியில இருக்கு. நீ படுக்குறது இந்த ரூமுல."

"எந்தம்பியும் டீ குடிக்கத்தான் அந்த ரூமுக்குள்ள போனான்."

ஆபீசர்களிடம் பேசி ஜெயித்தவன், யூனியன்காரர்களிடம் பேசி ஜெயித்தவன் நான். அன்று அடுப்படிக்குப் போய் கேஸை மூடிவிட்டு வந்தேன்.

கடைசியில் கனத்த கலர் ஷீட்டே போடுவது என்று முடிவு செய்தேன். தகரம்தானே என்று அவளும் பையைப் பிரித்தாள். ஆனால் இந்தத் தடவை நானே ஏணியில் ஏறி நின்று, வரிக்கு வரி போல்ட் முறுக்கவைத்தேன். ஓரங்களில் இரும்புப் பட்டை. இந்த வயதில் எவன் ஏறுவான்? நான் ஏறினேன். ஆனை வந்து இழுத்தாலும் வராத வேலை.

ஆட்கள் போன பிறகு அவள் கருவேலங்காய் பறிக்கிற தொரட்டியை எடுத்து வந்தாள். தன் அறையில் நின்று, அதன் அடிக்கட்டையால் தகரத்தை மேலே முட்டினாள். டங்கென்று சத்தம்தான் வந்தது. இன்னொரு இடத்தில் முட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. தொரட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, கொடியில் கிடந்த சேலைகளை உருவப் போனாள்.

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

அவள் அறைக்கு மேலே இருக்கிற ஷீட்டில் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். என்ன செய்கிறேன் என்று இந்த மாவட்டத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. கீழே இருந்து தொரட்டி முட்டியது. தகரம் ஒரு விரல்கடை எழும்பி இறங்கியது.

"ம், போதும்" என்றாள்.

அடுத்த பக்கம் முட்டினாள். அதுவும் எழும்பியது. சேலையைத் திரும்பக் கொடியில் உதறிப் போடுகிற சத்தம் கேட்டது. மேற்கே பார்த்தேன். கரிசலுக்கு அந்தப் பக்கம் செம்மண் நிறத்தில் ஒரு கோடு கிளம்பியிருந்தது. வாசல் வேப்ப மரத்துக் கிளைகள் ஆட ஆரம்பித்திருந்தன. ஸ்பேனர் கையில்தான் இருந்தது. திரும்ப முறுக்கினால் அவள் போய்விடுவாள். முறுக்காவிட்டால் கூரை போய்விடும். வேறு என்ன செய்ய? அந்த ஷீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

கீழே இருந்து மறுபடியும் முட்டினாள். எழும்பவில்லை.

"என்னங்க, இப்ப போகலையே?"

நான் இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன். தகரம் கிறீச்சிட்டது.

"அது மேலயா உக்காந்திருக்கீக?"

"காத்து வருது புள்ள."

"வரட்டும். எறங்கி வாங்க, காபி ஆறுது."

நான் இறங்கவில்லை. வேட்டியைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் இரும்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டேன்.