விருந்தாளி விளையாட்டு

யாராவது ரீச்சர் என்று கூப்பிட்டால் பிரபாலினிக்குக் காது குளிரும். சூரிச்சில் அவளைத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். திரிம்பாக் கோயிலுக்குப் போனால் செருப்புக் கழற்றும் இடத்திலேயே யாராவது ஒருத்தி, ரீச்சர் எப்படிச் சுகம் என்று தொடங்கிவிடுவாள். அது கேலி என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் சிரித்துக்கொண்டு நிற்பாள். கேலிக்காவது கூப்பிடுகிறார்களே என்று அவளுக்கு ஒரு ஆறுதல்.

நானும் அவளும் ஒரே கட்டடத்தைத்தான் துடைக்கிறோம். லாங்ஸ்ட்ராஸ தெருவிலிருந்து கொஞ்சம் தள்ளி, கண்ணாடி கண்ணாடியாக நிற்கும் ஒரு அலுவலகம். கோட் போட்டவர்கள் வந்து சேருமுன் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். நாங்கள் வந்துபோன அடையாளம் மட்டும் இருக்கக் கூடாது. எனக்கு இந்த வேலையில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. சம்பளம் வருகிறது, முதுகு நோகிறது, அவ்வளவுதான். பிரபாலினி அப்படியில்லை. ஒரு நிமிடம் பிடியுங்கோ என்று யாரோ கையில் தந்துவிட்டுப் போன பொருளைப் போலத்தான் மொப் தடியைப் பிடிப்பாள். உரியவர் வந்து வாங்கிக்கொள்வார் என்று இத்தனை வருடமாகக் காத்திருந்தாள்.

ஊரில் அவள் ரீச்சராக இருந்தது பொய்யில்லை. சுன்னாகத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ரியூட்டரியில், பள்ளிக்கூடம் முடிந்து வரும் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் பேசப் பழக்கியிருக்கிறாள். எவ்வளவு காலம் என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள். ஒரு வருடமும் வராது என்று அவளுடைய மனுசன் சிவலிங்கம் ஒருநாள் என் காதில் போட்டான். பிறகு கலியாணம், பிறகு சுவிஸ். இங்கே வந்தால் அவளுடைய இங்கிலிஷ் ஒருவருக்கும் தேவையில்லை. எல்லாரும் டொச், அதுதான் ஜெர்மன் பாஷையைக் கேட்டார்கள், டொச்சோ அவள் நாக்கில் ஒட்டவேயில்லை. இங்கே பிறந்த மகள் ரிஷானி, அம்மா இங்கிலிஷில் வாயைத் திறந்தாலே கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். சிநேகிதிகளுக்கு முன்னால் பேசவே வேண்டாம் என்று தாயிடம் முகத்துக்கு நேரே சொன்ன பிள்ளை அது.

இந்த நிலையில்தான் இசாவா வீட்டு வேலை கிடைத்தது. ஏரியைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும் வீடு. கணவர் ஒரு ஜப்பானியக் கம்பனியில் பெரிய ஆள், வீட்டில் கண்ணில் படுவதே இல்லை. திருமதி இசாவா மெலிந்த, மெதுவாகப் பேசுகிற பெண். எதைச் சொன்னாலும் தலையாட்டிச் சிரிப்பாள். இரண்டு பிள்ளைகள்: ஏழு வயது டைக்கி, அவனுக்கு இளையவள் மியோ. பிரபாலினி பின்னேரங்களில் தூசி தட்டவும் உடுப்பை அயன் பிடித்து மினுக்கவும்தான் அங்கே போனாள்.

டைக்கியை, எல்லாப் பாடமும் இங்கிலிஷிலேயே நடக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் விட்டிருந்தார்கள். அங்கே பிள்ளை ஊமையாக இருந்துவிட்டு வந்தான். ஆசிரியை கேட்டாலும் பதில் இல்லை, பக்கத்துப் பிள்ளை கேட்டாலும் பதில் இல்லை. ஒருநாள் பிரபாலினி சேர்ட் மினுக்கிக்கொண்டே, உன் பையை எங்கே வைத்தாய் என்று அவனிடம் இங்கிலிஷில் கேட்டாள். கதிரைக்குக் கீழே என்று அவனும் இங்கிலிஷில் சொன்னான். கதவடியில் நின்ற தாய் அப்படியே நின்றுவிட்டாள்.

அன்றே ஏற்பாடு முடிந்தது. முதலில் வீட்டு வேலை, பிறகு பிள்ளைகளோடு இங்கிலிஷ். பாடப் புத்தகம் வேண்டாம், வீட்டில் அன்றாடம் பேசுகிற இங்கிலிஷ் போதும் என்றாள் திருமதி இசாவா. பல் தீட்டுவது, சாப்பாடு கேட்பது, சிநேகிதனை வீட்டுக்குக் கூப்பிடுவது. பனிக்காலம் முடியும்போது டைக்கியைத் தொடர்ந்து வைத்திருப்பதா இல்லையா என்று பள்ளிக்கூடம் முடிவு சொல்லும். வைத்திருந்தால், தனக்குத் தெரிந்த இரண்டு ஜப்பானியக் குடும்பங்களிடம் பிரபாலினியைப் பற்றிச் சொல்வேன் என்றாள். பிறகு நீங்கள் இங்கே தூசி தட்ட வேண்டாம், ரீச்சராகவே வரலாம் என்றும் சொன்னாள்.

அடுத்த நாள் விடிய, பிரபாலினி வாளியில் தண்ணீர் பிடிக்க மறந்து நின்றாள். வேலையை விடுவதென்றால் எவ்வளவு நாளைக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டாள். பெடியன் வாயைத் திறக்கட்டும், பிறகு பார்ப்போம் என்றேன். எரிச்சலில் சொன்னேன் என்று நினைத்து அந்தக் கிழமை முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு எரிச்சல் கொஞ்சம் இருந்ததுதான். இந்த வயதில் ஒருத்தி இப்படிச் சந்தோஷப்படுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் வராது.

ஆனால் அவள் நன்றாகத்தான் செய்தாள், அதை மறைக்கக் கூடாது. பிள்ளைகளை மேசையில் இருத்திவைக்கவில்லை. விளையாட வைத்தாள். கடை விளையாட்டு, டொக்டர் விளையாட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக விருந்தாளி விளையாட்டு. பிரபாலினி கோட்டையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு வெளியே போய் மணி அடிப்பாள். டைக்கி கதவைத் திறந்து, வாருங்கள், இருங்கள் என்று இங்கிலிஷில் சொல்ல வேண்டும். மியோ விளையாட்டுக் கோப்பையில் தேத்தண்ணீர் கொண்டுவருவாள். பிரபாலினி வேண்டாம், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்பாள். அங்கேதான் விளையாட்டின் உயிர் இருந்தது. வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிப் போகிறவன் என்ன வீட்டுக்காரன்? கொஞ்சமாவது எடுங்கள், எடுக்காவிட்டால் எனக்குக் கவலை, எனக்காக ஒன்று என்று பையன் விடாமல் வற்புறுத்த வேண்டும். கடைசியில் விருந்தாளி வெட்கப்பட்டுக்கொண்டு எடுப்பாள். உடனே மியோ கைதட்டுவாள்.

இது எங்கள் யாழ்ப்பாணத்துப் பழக்கம்தானே. எங்கள் வீடுகளில் முதல் தரம் கேட்டவுடன் தேத்தண்ணீரை வாங்கிக் குடிக்கிறவனைச் சாப்பாட்டுக்கு அலைந்தவன் என்போம். முதல் தரம் வேண்டாம் என்றதும் விட்டுவிடுகிற வீட்டுக்காரியைக் கசவாரம் என்போம். குசினியில் நின்று கேட்ட திருமதி இசாவாவுக்கும் இது மிகவும் பிடித்துப்போயிற்று. ஜப்பானிலும் நல்ல விருந்தாளி உடனே எடுக்கமாட்டார் என்று சொல்லிச் சிரித்தாளாம். சில நாள் அவளே விருந்தாளியாக வந்து வேண்டாம் வேண்டாம் என்று பிகு பண்ணினாளாம். இங்கிலிஷ் பேசுகிறவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

டைக்கி பேசத் தொடங்கினான். மாசிமாதம் அவனுக்குப் பிறந்தநாள் வந்தது. ஜப்பானிலிருந்து வந்த கறுப்பு எள்ளு பிஸ்கட்டுகளைத் தாய் அவனிடம் கொடுத்துவிட்டாள், ஒவ்வொன்றும் தனித்தனிக் கடதாசியில் சுற்றி அழகாக இருக்கும். வகுப்புக்கு வீட்டிலிருந்து தின்பண்டம் அனுப்பக் கூடாது, சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பள்ளிக்கூடம் பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருந்தது. திருமதி இசாவா அந்தக் கூட்டத்தில் இருந்தாள். வழக்கம்போலத் தலையாட்டிச் சிரித்திருப்பாள். என்ன விளங்கியது என்று அவளுக்குத்தான் தெரியும்.

இடைவேளையில் டைக்கி தன் பக்கத்தில் இருக்கும் கிளாரா என்ற பிள்ளையிடம் பிஸ்கட்டை நீட்டினான். அவளுக்கு எள்ளு ஆகாது. பிறர் தருவதைச் சாப்பிடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். வேண்டாம், நன்றி என்றாள். டைக்கிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விளையாட்டில் வருவது அப்படியே நிசத்தில் வந்துவிட்டது. கொஞ்சமாவது எடு என்றான். எடுக்காவிட்டால் எனக்குக் கவலை என்றான். எனக்காக ஒன்று என்று கடதாசியையும் பிரித்துக் கொடுத்தான். பாவம், அவளும் நல்ல பிள்ளை. அவன் முகத்துக்காக வாங்கிக் கடித்தாள்.

பிள்ளை பிழைத்துவிட்டாள். ஆனால் உதடு வீங்கி, மூச்சு அடைத்து, மற்றப் பிள்ளைகள் கத்திக்கொண்டு நிற்க, அம்புலன்ஸில்தான் கொண்டுபோனார்கள். தகப்பன் வரும்வரை உயிர் தங்குமோ தெரியாது என்று நின்றார்களாம். வற்புறுத்திக் கொடுத்தவன் டைக்கி என்று முழு வகுப்பும் பார்த்திருந்தது.

அன்று பின்னேரம் திருமதி இசாவா பிரபாலினிக்குப் போன் எடுத்தாள். நாளை அதிபர் வரச் சொல்லியிருக்கிறார், என்னுடைய இங்கிலிஷ் போதாது, நீங்கள் எங்களோடு வர வேண்டும் என்றாள். அதற்கு முதல் வந்து டைக்கிக்கு மன்னிப்புக் கேட்கப் பழக்கிவிடுங்கள் என்றும் கேட்டாள். பிரபாலினி டிராமில் ஓடினாள். பிள்ளை அலுமாரிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தான். கிளாரா செத்துப்போவாளா என்று அவளிடம்தான் கேட்டான். அவனை மடியில் வைத்துக்கொண்டு, நான் தெரியாமல் செய்தேன், இனிமேல் செய்யமாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். அவன் விக்கி விக்கிச் சொன்னான். தாய் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிய எங்களோடு மாடிகளைத் துடைத்துவிட்டு, கழிப்பறைக்குள் போய் உடுப்பு மாற்றி வந்தாள் பிரபாலினி. கலியாண வீட்டுக்குப் போடும் கறுப்புக் கோட், நெற்றியில் சின்னப் பொட்டு. என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள்.

"பெடியனிலை பிழையில்லை அக்கா. எங்கடை ஊரிலையும் அவையின்ரை ஊரிலையும் உதுதான் பழக்கம் எண்டு விளங்கப்படுத்துவன். என்ரை இங்கிலிஷிலை வடிவாச் சொல்லுவன்."

இது சரிவராது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்தால் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளை பிழைத்த செய்தி கேட்ட நிம்மதியோடு, தன்னை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்ற பெருமையும் அந்த முகத்தில் இருந்தது. இத்தனை வருடத்தில் சுவிஸில் ஒருவரும் அவளைப் பேசுவதற்கென்று எங்கேயும் கூப்பிட்டதில்லை.

அதிபர் ஒரு பெண். அவருக்குப் பக்கத்தில் கிளாராவின் தகப்பன், நித்திரை கொள்ளாத கண்ணோடு. டைக்கி எழுந்து நின்று பழக்கியபடி மன்னிப்புக் கேட்டான். அதிபர் அவனைப் பயப்படுத்தாமல், அவள் வேண்டாம் என்ற பிறகும் ஏன் திரும்பத் திரும்பக் கொடுத்தாய் என்று கேட்டார். இதுதான் இடம் என்று பிரபாலினி வாயைத் திறந்தாள். திருமதி இசாவா அவளுடைய கையில் மெதுவாகத் தட்டி, பொறுங்கள் என்பதுபோல் தலையசைத்தாள்.

டைக்கி நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். என் அம்மா எனக்கு இப்படிச் சொல்லித்தரவில்லை. எங்கள் வீட்டைத் துப்புரவாக்க வருகிற பெண்தான் சொல்லித்தந்தாள். அவள் படிக்காதவள், அவளுக்கு எதுவும் தெரியாது.

அதுவரை அவன் அவளை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டான். இந்த வசனங்களைப் பிரபாலினி பழக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போன பிறகு தாயிருந்து பழக்கியிருக்கிறாள். இங்கிலிஷ் போதாது என்றவளுக்கு அதற்கு மட்டும் தாராளமாகப் போதுமானதாக இருந்திருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையின் வாயில் இதை வைத்தவளை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

தகப்பன் பிரபாலினியை மேலும் கீழும் பார்த்து, இவரா என்று கேட்டார். இது உண்மையா என்று அதிபர் கேட்டார். பிரபாலினி தன் மடியில் நேற்று இருந்த பிள்ளையைப் பார்த்தாள். அவள் மறுத்தால் அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார்கள். ஓம், நான்தான் என்றாள். வழக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. திருமதி இசாவா எழுந்து இடுப்பு மடியக் குனிந்து தகப்பனிடம் மன்னிப்புக் கேட்டாள். இந்தப் பெண் இனி எங்கள் வீட்டுக்கு வரமாட்டாள் என்று அவளே தெளிவான இங்கிலிஷில் சொன்னாள்.

போகும்போது அதிபர் டைக்கியின் தோளில் தட்டி, உன்னுடைய இங்கிலிஷ் நன்றாக வந்துவிட்டது என்றாராம். திருமதி இசாவா அதற்கும் குனிந்து நன்றி சொன்னாளாம்.

டைக்கி அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறான். பிரபாலினி எங்களோடு மாடி துடைக்கிறாள். கோயிலில் இப்போது ஒருத்தியும் ரீச்சர் என்று கூப்பிடுவதில்லை. கதை அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்று கையும் காலும் வைத்துச் சொல்கிறார்கள். ரிஷானி, நான் அப்பவே சொன்னேன்தானே என்று தாயிடம் சொன்னாளாம். அந்தப் பிள்ளையைப் பிறகு நான் கண்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போன கிழமை பிரபாலினி ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. இங்கிலிஷில் பேசினாள், சுருக்கமாக. யார் என்று கேட்டேன். திருமதி இசாவா முன்பு சொன்ன இரண்டு குடும்பங்களில் ஒன்று. அவள் சொன்ன வாக்கைக் காப்பாற்றித்தான் இருக்கிறாள். இந்தப் பெண் மிகவும் சுத்தமாகத் துடைப்பாள், நம்பி வைத்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளைகளோடு மட்டும் பேசவிடாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். அதைப் போன் எடுத்த பெண்ணே மரியாதையாகச் சொல்லிவிட்டாளாம்.

வேண்டாம் என்றுதானே சொன்னாய் என்று கேட்டேன். சிவலிங்கத்துக்கு வேலை குறைந்துவிட்டது, திங்கட்கிழமை போகிறேன் என்றாள். அந்த வீட்டிலும் இரண்டு சின்னப் பிள்ளைகளாம். பிள்ளைகள் தாங்களாக வந்து ஏதாவது கேட்டால் என்ன செய்வாய் என்றேன்.

துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"எனக்கு இங்கிலிஷ் தெரியாது எண்டு சொல்லுவன் அக்கா."