சட்டைப்பையில் ஒரு முட்டை

பாபநாசத்துக்கு மேலே அந்தப் பாறையில் அன்று இருந்தது எட்டுப் பேர்: ஆறு கல்லூரிப் பையன்கள், சமையலுக்குப் போன நான், கயிற்றில் இறங்கச் சொல்லிக்கொடுத்த அந்த மனிதர். ஒல்லி ஆள், நரைத்த மீசை. எப்போதும் சட்டைப்பையில் ஒரு பச்சை முட்டையோடுதான் இறங்குவார். தரை தொட்டதும் உடைத்துக் குடிப்பார்.

பையன்கள் இறங்கியதும் எனக்கும் ஆசை வந்தது. இடுப்பில் வாரைக் கட்டியதும் கயிற்றை இழுத்துப் பார்த்தேன்.

"கயிறு அறுந்துட்டா?"

அவர் தன் முட்டையை என் சட்டைப்பையில் போட்டார். "கயிறு என் கவலை, முட்டை உம்ம கவலை. உடைஞ்சா ஒரு ரூவா, பாத்துக்கிடும் வே."

முட்டை பாறையில் படக் கூடாதே என்று மல்லாந்து சாய்ந்தபடியே இறங்கினேன். "அப்படித்தான் சாயணும் அண்ணாச்சி!" என்று கீழேயிருந்து பையன்கள் கத்தினார்கள்.

பின்னாலேயே இறங்கி வந்தவர், "எறங்கிட்டீரே வே!" என்று என் நெஞ்சில் தட்டினார். முட்டை உடைந்து வழிந்தது.

"ஒரு ரூவா எடும்" என்றார், சிரிக்காமல்.

உடைத்தது அவர்தான். ஆனாலும் அவருக்கு நான் தர வேண்டிய பாக்கி ஒரு ரூபாய்.