அழாத பிள்ளை

"பிள்ளையைப் பத்திக் கவலைப்படாதே, பாத்துக்க அங்க ஆள் போட்டிருக்காங்க" என்று, ஊருக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணி சொன்னான். பாவி, பொய் சொல்லவில்லை. கடல் தாண்டி வந்து சேர்ந்த லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அதற்கென்றே ஓர் ஆயாக்கொட்டகை இருந்தது. பால் எடுக்க மரப்பட்டை வெட்டப் போகும் பெண்கள் இருட்டோடு கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே ஆயா.

முதல் வாரம் என் மகன் தொண்டை கட்டும்வரை அழுதான். அப்புறம் அழுகையே இல்லை. மதியம் தூக்கினால் துணிமூட்டை போலக் கிடப்பான். இடம் பழகிவிட்டது என்று மகிழ்ந்து ஆயாவுக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்தேன்.

ஒருநாள் மழையால் பால்வெட்டு நின்றது. சீக்கிரமே கொட்டகைக்கு ஓடினேன். ஆயா விரலில் கறுப்பாக எதையோ தொட்டு, பிள்ளைகளின் நாக்கில் வரிசையாகத் தடவிக்கொண்டிருந்தாள். அபின்.

அவள் கையைப் பிடித்து முறுக்கினேன். அவள் அசரவில்லை.

"இத்தனையும் ஒண்ணா அழுதா நான் ஒருத்தி என்ன செய்வேன்? வேணாம்னா முதுகுல கட்டிக்கிட்டுப் போ. துரை விடுறாரான்னு பாப்போம்."

துரை விடமாட்டார். மறுநாள் விடியுமுன் மகனை அவளிடமே நீட்டினேன்.

"கொஞ்சமாத் தடவுங்க, ஆயா" என்றேன்.