கூம்பு வைத்து அளந்த பால்பொடி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெற்ற மகளின் வயிற்றை அடைத்தவன் நான்தான். அலட்சியத்தால் அல்ல, பாசத்தோடு, அளந்து, எண்ணி, ஒரு வேளைகூடத் தவறாமல் அடைத்தேன். வெளியாள் யாராவது இதைச் செய்திருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போயிருப்பேன். என்னோடு நானே எப்படிச் சண்டை போடுவது? அதனால் எழுதுகிறேன்.

நடந்தது போன கும்பப்பூ, அதாவது மாசி நெல் அறுவடை சமயம். எங்கள் ஊர் பூதப்பாண்டிக்குப் பக்கம். கொஞ்சம் வயல் உண்டு. வீட்டு முன்னறையில் ஒரு ஜெராக்ஸ் கடையும் உண்டு. மகளுக்கு அப்போது மூன்று மாதம் முடிந்திருந்தது. பிரசவத்துக்குப் பிறகு மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் போய், அவள் சாப்பிட வேண்டியிருந்த மருந்தின் காரணமாகத் தாய்ப்பால் கொடுக்க வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே பிள்ளைக்கு ஆரம்பத்திலிருந்தே பால்பொடியும் குப்பியும்தான். மனைவி நாகர்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியதும், பகல் வேளைப் பால் கலக்கும் பதவி எனக்கு வந்தது.

போகிற அன்று காலையில் அவள் எல்லாம் சொல்லித்தான் தந்தாள். "கொதிச்சு ஆறின தண்ணிய மொதல்ல ஊத்தணும். பெறவு பொடி. நாலு கரண்டி. கேட்டீங்களா?"

"ஏட்டி, நெல்லு அளக்கவனுக்குப் பால்பொடி அளக்கச் சொல்லித் தாறியா?" என்று கேட்டேன். அந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

எங்கள் வீட்டில் அளப்பதற்கு ஒரு முறை உண்டு. இப்போது எந்திரம் வந்து அறுத்து, மூட்டையை எடை போட்டு லாரியில் ஏற்றிவிடுகிறார்கள் என்றாலும், வீட்டுக்கு எடுத்து வைக்கிற நெல்லை மரக்காலால்தான் அளப்போம். மரக்காலின் வாய்க்கு மேலே நெல் கூம்பாக நிற்க வேண்டும். கையால் தடவிச் சமமாக்குவதற்குத் தலைதட்டுவது என்று பெயர். அப்படி அளக்கிறவனை ஊரில் கஞ்சன் என்பார்கள். முதல் மரக்காலை ஒன்று என்று எண்ண மாட்டோம், 'லாபம்' என்போம். பிறகு ரெண்டு, மூணு. அளந்து முடித்ததும் மேலுக்கு ஒரு கை அள்ளிப் போடுவோம். யாரோ ஒருவருக்குக் கொடுக்கும் நெல்லுக்கே இந்த மரியாதை என்றால், சொந்த மகளுக்கு அளக்கிற பொடிக்குத் தலைதட்டுவேனா?

ஆகவே தினமும் அந்தச் சின்னக் கரண்டியில் பொடி கோபுரமாக எழுந்தது. லாபம், ரெண்டு, மூணு, நாலு. மேலுக்கு அரைக் கரண்டி. பால்பொடி டின்னின் வாயில் குறுக்காக ஒரு பட்டை இருந்தது. நான் கரண்டியை வெளியே எடுக்கும்போதெல்லாம் அது தட்டி, கோபுரத்தை இடித்துவிட்டது. என்னடா இது தொந்தரவு என்று கத்தியால் அந்தப் பட்டையை அறுத்து எறிந்தேன். மனைவி கேட்டபோது, "பேக்டரியில ஏதோ கோளாறு" என்றேன். அவள் தன் வேளைக்குக் கத்தியின் முதுகால் சமப்படுத்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து, டீச்சர்மாருக்கே கொஞ்சம் கை இறுக்கம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பிள்ளை ஒழுங்காக வெளிக்குப் போய்க்கொண்டிருந்தவள்தான். அது மெல்லக் குறைந்தது. முக்கினாள், முகம் சிவந்தாள், காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அழுதாள். கடைசியில் வருவது ஆட்டுப் புழுக்கை போலக் கட்டிகட்டியாக இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

நான் யோசித்தேன். யோசிப்பது எனக்கு ஆகாத காரியம் என்று அப்போது தெரியாது. உள்ளே போதுமான அளவு போனால்தானே வெளியே வரும்? ஆக, பிள்ளைக்குச் சத்து போதவில்லை. கோபுரத்தை இன்னும் ஒரு நிலை உயர்த்தினேன். பால் தோசைமாவு மாதிரி ஆனது. குப்பியைக் குலுக்கிக் குலுக்கி எனக்குக் கை வலித்ததே தவிர, மூளையில் ஒன்றும் குலுங்கவில்லை.

எனக்குக் கூட்டுக்காரன், அதாவது சிநேகிதன், ஒருவன் உண்டு. ஜெராக்ஸ் எடுக்க வருவதாகச் சொல்லி, வெற்றிலை போட்டுவிட்டுப் போவான். அவனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"மக்கா, இது சக்கைக் காலமில்லா? ஒனக்கப் பொண்டாட்டி சக்கைப்பழம் தின்னிருப்பா. தாய் தின்னா பிள்ளைக்கு மந்தம் தட்டும்."

பலாப்பழத்தைத்தான் எங்கள் பக்கம் சக்கை என்போம். சாயங்காலம் மனைவி செருப்பைக் கழற்றும் முன்பே விசாரணையைத் தொடங்கினேன். "ஏட்டி, நீ சக்கை தின்னியா?"

"தின்னேன். ஸ்கூல்ல ஒரு டீச்சர் கொண்டு வந்தா. அதுக்கென்ன?"

"அதாக்கும் பிள்ளைக்கு வயிறு அடைச்சிருக்கு."

அவள் பையை மெதுவாகக் கீழே வைத்தாள். "நான் தின்ன சக்கை குப்பிக்குள்ள எப்பிடிப் போச்சு?"

தோற்றுப்போகக் கூடாது என்று கிணற்றுத் தண்ணீர் மேல் பழியைப் போட்டு, கேன் தண்ணீருக்கு மாறினேன். "நான் லீவுல இருக்கும்போதும் இதே கிணத்துத் தண்ணிதான்" என்றாள். மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான், கலக்குகிற கை. அது அவளுக்கு உடனே தோன்றவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்து வந்தது ஒரு சனிக்கிழமை. மனைவிக்கு அரைநாள் பள்ளி. காலையிலிருந்தே பிள்ளை பாலைத் தள்ளினாள். அழுகை வேறு மாதிரி இருந்தது. தூக்கினாலும் நிற்கவில்லை, தொட்டிலிலும் நிற்கவில்லை. போனில் தேடிப் பார்த்தேன். குடல் நோய்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வாசிக்க வாசிக்க எல்லாமே என் பிள்ளைக்கு இருப்பது போலத் தெரிந்தது. கூட்டுக்காரன் வந்தான். நிலைமையைப் பார்த்துவிட்டு, வெற்றிலைப் பையிலிருந்து ஒரு காம்பைக் கிள்ளி எடுத்தான்.

"வெத்தலக் காம்ப ஆமணக்கெண்ணெயில முக்கிப் பின்னால வச்சா, பீரங்கி மாதிரி வரும் மக்கா. எங்க வீட்டுல எல்லாருக்கும் இதுதான்."

பயந்துபோனவனுக்கு எவன் பேச்சும் வைத்தியம்தான். காம்பை எண்ணெயில் முக்கினேன். பிள்ளையை மடியில் கிடத்தித் துணியை அவிழ்த்தேன். துணியில் ஒரு சின்னக் கட்டியும், அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு கீற்றும் இருந்தன. ரத்தம். காம்பு கையிலிருந்து எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் கேட் திறந்தது. மனைவி ஒரே பார்வையில் துணியையும் என் கையில் வழிந்த எண்ணெயையும் கூட்டுக்காரனின் வாயையும் பார்த்தாள்.

"அண்ணே, உங்க வெத்தல உங்க வாய்க்கு மட்டும் போதும்" என்றாள். அவன் செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனான். என்னிடம், "ஆட்டோவக் கூப்பிடுங்க. அந்த டின்னையும் குப்பியையும் எடுங்க. எனக்கு அந்தப் பொடி மேலதான் சந்தேகம்" என்றாள்.

நாகர்கோவில் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். பிள்ளை அழுது களைத்து, என் சுண்டுவிரலைப் பிடித்தபடி விசும்பிக்கொண்டே வந்தாள். எண்ணெய் காயாத விரல். அதைத்தான் பிடித்திருந்தாள்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், துணியைப் பார்த்தார், வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். "பயப்படாண்டாம். குடலுக்கு ஒண்ணும் இல்ல. கட்டியாப் போகும்போது லேசாக் கிழிஞ்சிருக்கு, அவ்வளவுதான். பாலு யாரு கலக்கது?"

"பகல்ல நான்தான் டாக்டர்" என்றேன், பாராட்டு வரும் என்ற நினைப்பில்.

"எனக்க முன்னால ஒண்ணு கலக்குங்க பாப்போம்."

நர்ஸ் வெந்நீர் கொண்டுவந்து தந்தார். போட்டியில் கலந்துகொள்பவன் மாதிரி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டேன். தண்ணீரை ஊற்றி, முதல் கோபுரத்தை எழுப்பி, பழக்கத்தில் வாய்விட்டே "லாபம்" என்றேன். நர்ஸ் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்குவது தெரிந்தது. நாலு முடிந்து, மேலுக்கு அரையும் போட்டேன்.

"அது என்னது?"

"அது மேலுக்கு, டாக்டர்."

டாக்டரம்மா என் கையிலிருந்து கரண்டியை வாங்கி, நான் போட்டது போலவே பொடியை அள்ளி, ஒரு ஸ்கேலின் ஓரத்தால் சமமாக வழித்தார். வழித்த பொடி மேசைத் தாளில் விழுந்தது. இப்படியே நாலு தடவை. கடைசியில் தாளில் ஒரு குட்டிக் குன்று நின்றது. "இவ்வளவும் அதிகமா உள்ள போயிருக்கு. ஒரு வேளைக்கு" என்றார். பிறகு டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். "இதுல தலைதட்டதுக்கு ஒரு பட்டை இருக்குமே?"

நான் டாக்டரைப் பார்க்காமல் மனைவியைப் பார்க்காமல் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தேன். "தட்டிச்சு டாக்டர். அறுத்துட்டேன்."

"பேக்டரி கோளாறு" என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

டாக்டரம்மா அதட்டவில்லை, விளக்கினார். பொடி கூடினால் சத்து கூடாது. தண்ணீர் போதாமல் மலம் இறுகும், சின்னப் பிள்ளையின் சிறுநீரகத்துக்கும் வீண் பாரம் என்றார். எனக்கு உடனே அடுத்த யோசனை வந்தது. "அப்பம் ரெண்டு நாளு பொடியக் கொறைச்சு, தண்ணிய நல்லாக் கூட்டி…"

"கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம். டின்னுல போட்டிருக்க அளவு, தலைதட்டி. அதுதான் மருந்து."

அதோடு சிலது சொன்னார். பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, கால்களைச் சைக்கிள் மிதிப்பது போல மெல்ல அசைக்கலாம். தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் சுற்றும் பக்கமாக வயிற்றை இதமாகத் தடவலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்க வைக்கலாம். பாலுக்கு நடுவில் கொதித்து ஆறிய தண்ணீர் கொஞ்சம் கொடுக்கச் சொன்னார். எவ்வளவு என்பது எங்கள் பிள்ளையைப் பார்த்துச் சொன்னது, அதை இங்கே எழுதினால் நான் மறுபடியும் வைத்தியனாகிவிடுவேன். காம்பு, சோப்பு, ஆமணக்கெண்ணெய், தேன் எதுவும் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. வயிறு உப்பிக் கல் போல ஆனாலோ, வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, ரத்தம் மறுபடி வந்தாலோ, ஜெராக்ஸ் கடையில் ஆலோசனை கேட்காமல் நேரே கூட்டி வரச் சொன்னார். ஜெராக்ஸ் கடை விஷயத்தை அவரிடம் போட்டுக்கொடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வரும் வழியிலேயே பட்டையோடு ஒரு புது டின் வாங்கினோம். அதற்குப் பிறகு நான் பொடி அளந்ததைத் தங்கம் நிறுக்கிறவன் பார்த்திருந்தால் வேலைக்குக் கூப்பிட்டிருப்பான். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் பிள்ளைக்குச் சைக்கிள்தான். "பூதப்பாண்டி தாண்டியாச்சு, தக்கலை வந்தாச்சு, இன்னா பத்மநாபபுரம், அரண்மனை எறங்கு" என்று மிதிப்பேன். அவள் பொக்கை வாயால் சிரிப்பாள். களியக்காவிளை வரை போய் கேரள எல்லையைத் தாண்டாமல் திரும்புவோம்.

அழுகை சீக்கிரமே குறைந்தது. வெளிக்குத்தான் வரவில்லை. ஒரு நாள் காலை, பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கு என்று தேய்த்த வேட்டி உடுத்தி, பிள்ளையை மடியில் போட்டுக் கடைசி மிதி மிதித்துக்கொண்டிருந்தேன். முக்கலும் இல்லை, அழுகையும் இல்லை. மடி சூடானது. துணியை மீறி, கரை வேட்டியின் கரை வரைக்கும், மெத்தென்று, மஞ்சளாக. அசையாமல் உட்கார்ந்து அதையே பார்த்தேன். சிவப்பு எங்கும் இல்லை. கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் கூட்டுக்காரன் சிரிப்பான், பரவாயில்லை.

உடனே மனைவிக்குப் போன் போட்டேன். "ஏட்டி, வந்துட்டு!"

"யாரு வந்தா? கிளாஸுக்குப் போறேன், சீக்கிரம் சொல்லுங்க."

"பிள்ளைக்கு வெளிக்கு வந்துட்டுட்டி! எனக்க வேட்டியில!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டாள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. போயிருந்தாலும் இதைத்தான் பந்தியில் பேசியிருப்பேன்.

கொடுக்கிற கை தாராளமாக இருந்தால் போதும், வாங்குகிற வயிற்றிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்று அதுவரை நினைத்திருந்தேன். வாய் பேசாத ஒருத்தி, தன் உடம்பை வருத்தி அது தப்பு என்று சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கும் பிறர் வீட்டுப் பிள்ளைக்கு அன்போடு எதையாவது ஊட்டப் போனால், அந்தத் தாளில் நின்ற குட்டிக் குன்று கண்ணுக்கு முன்னால் வருகிறது. கை தானாக நின்றுவிடுகிறது.

பழக்கம் இப்போது எல்லாவற்றுக்கும் தொற்றிவிட்டது. சீனி, காப்பித்தூள், உப்பு எல்லாம் தலைதட்டித்தான். போன வாரம் மனைவி பள்ளியிலிருந்து பசியோடு வந்து உட்கார்ந்தாள். நான் சோறு பரிமாறினேன். ஒவ்வொரு அகப்பையையும் பானை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, சமமாக்கி, ஒழுங்காக வைத்தேன். அவள் இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் குப்பிப்பால் குடிக்கல்ல, கூம்பா வைங்க."