ஈர மண் தேடிப் போன கால்கள்

போர் முடிந்த மறு ஆண்டு. ஆசிரியர் பயிற்சி வகுப்பிலிருந்து எங்களை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கரடியனாறு தாண்டி, குடும்பிமலைப் பள்ளத்தாக்கிற்குக் களப்பயணம் கூட்டிச் சென்றார்கள். கைக்குழந்தையான மகனை அன்றுதான் முதல் தடவையாக மச்சாளிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். போகாவிட்டால் புள்ளிகள் குறையும், போனால் பிள்ளை அழுவான். பஸ்ஸில் யாரோடும் பேசாமல் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வழியோரம் நட்டிருக்கும் சிவப்புத் தலைக் குச்சிகளுக்கு அப்பால் கண்ணிவெடி இருக்கலாம், தாண்ட வேண்டாம் என்று இறங்கும்போது சொன்னார்கள். அதுவும் பாதிதான் காதில் விழுந்தது.

பாறைகள் பூமிக்கடியில் வெந்து இறுகியவை, பல கோடி ஆண்டுப் பழையவை என்றார் விரிவுரையாளர். குகை வாயிலில் மழைநீர் உள்ளே வழியாதபடி செதுக்கிய விளிம்பைக் காட்டி, அந்தக் காலத்தில் இங்கே துறவிகள் இருந்தார்கள் என்றார். எல்லோரும் எழுதினார்கள். எனக்கு மார்பு கனத்து, சட்டை நனையத் தொடங்கியிருந்தது.

ஒதுங்கிப் போய்ப் பாலைப் பீய்ச்ச வேண்டும். சுற்றிலும் வெயிலில் கொதிக்கும் பாறை. சூடான கல்லில் தாய்ப்பால் விழுந்தால் பால் வற்றிவிடும், ஈர மண்ணில்தான் விட வேண்டும் என்று அக்காவின் பிள்ளைப்பேற்றின்போது அம்மா சொன்னது நினைவிருந்தது. அம்மாவைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. அது மெய்தானா என்று கேட்க ஆளில்லை, மீறவும் பயம். கீழே ஒரு மரத்தடி ஈரமாகத் தெரிந்தது. பாறைக்குப் பின்னால் இறங்கிப் புல்லுக்குள் நடந்தேன்.

"அங்கனயே நில்லுங்ககா. காலத் தூக்காதீங்க."

மேலே பாறையில் எங்களோடு பயிற்சிக்கு வந்த ஏறாவூர் முஸ்லிம் ஆசிரியை. அதுவரை அவரோடு ஒரு சொல்லும் பேசியதில்லை. திரும்பிப் பார்த்தேன். சிவப்புக் குச்சிகள் எனக்குப் பின்னால் நின்றன. என் மகனும் என்னைப்போலத் தாயில்லாமல், யாரிடமும் கேட்க முடியாத பிள்ளையாக வளரப்போகிறான் என்றுதான் முதலில் தோன்றியது.

"நீங்க நடந்த புல்லு மடிஞ்சி கிடக்கு, எனக்குத் தெரியுது. நான் சொல்ற இடத்தில மட்டும் வையுங்க. புள்ளைக்குப் பல்லு வந்திட்டா?"

"இன்னும் இல்ல."

"வரட்டும், கடிப்பான், அப்ப விளங்கும். இடக்கால் கொஞ்சம் உள்ளுக்கு. ம். பாறைக்கு வயசு பார்க்க வந்த இடத்தில நம்மட வயச முடிச்சிக்கக் கூடாது. இப்ப மத்தக் கால்."

பாறையைத் தொட்டதும் உட்கார்ந்து அழுதேன். அவர் தன் போத்தலில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு நீட்டினார். "இதுக்குள்ள எடுங்க. ஊட்டுக்குப் போய் மரத்தடியில ஊத்தலாம்." முக்காட்டை விரித்துப் பிடித்து, எனக்கு முதுகு காட்டி நின்றார். சூடான கல்லைப் பற்றி அம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"எங்கட உம்மாவும் அதத்தான் சொல்றவ," என்றார்.

மாலையில் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தடியில் அதை ஊற்றும்போது மகன் மச்சாளின் இடுப்பில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா சொன்னது மெய்யா என்று எனக்கு இன்றும் தெரியாது. எதையும் யாரிடமாவது கேட்பதற்குமுன் இன்றும் தயங்குகிறேன், ஆனால் அந்த முதுகை நினைத்துக்கொண்டு கேட்டுவிடுகிறேன்.