தோல் போன உளுந்து

சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிட வேண்டும். தண்ணீர் வடிந்த சேற்றில் தடம் பதியணும், கால் புதையக் கூடாது. அந்தப் பதத்தை எனக்கு யாரும் சொல்ல வேண்டாம், என் காலுக்கே தெரியும். அப்புறம் உழவும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. பனியிலேயே வளர்ந்து எழுபது நாளில் வீட்டுக்கு வந்துவிடும்.

முன்பு ஊரே போட்டது. விதை விழுந்ததும் ஆடு மாடுகளைக் கட்டிவிடுவார்கள். காவலே கிடையாது. இப்போது அறுப்பு மெஷின் ஏறினால் முளை நசுங்கிவிடுகிறது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். போன வருஷம் நான் ஒருத்திதான் போட்டேன். ரெண்டு மா, முக்கால் ஏக்கர்கூட வராத நிலம்தானே, நெல்லை ஆள் விட்டு அறுத்துக்கொண்டேன்.

அந்த விதை, கூலிக்கு உளுந்து பிடுங்கின காலத்தில் எனக்குக் கிடைத்த பங்கு. வருஷா வருஷம் சாம்பலில் புரட்டிப் பானையில் வைத்துக் காப்பாற்றினது. அந்தத் தடவை மிச்சம் வைக்காமல் பானையைக் கவிழ்த்துத் தெளித்துவிட்டேன்.

பக்கத்து வயல் கொழுந்தனுடையது. அறுத்ததும் அதில் ஆட்டை அவிழ்த்துவிட்டார்.

"ஊரே சும்மா கிடக்கு, உங்களுக்கு மட்டும் என்ன அண்ணி உளுந்து? கடையில கிடைக்காததா?"

"கடையில வாங்குறவங்க வாங்கட்டும் தம்பி. நான் விதைக்குக் கடை வாசப்படி மிதிச்சவ இல்ல."

ஆட்டைக் கட்டுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்டுவது அவர் முறை, நான் ஏன் கெஞ்சணும் என்று இருந்துவிட்டேன்.

தினமும் வரப்பில் உட்கார்ந்து நானே ஆட்டை விரட்டினேன். பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது கும்பகோணத்தில் ஒரு சாவுக்குப் போனேன். சாயங்காலம் திரும்பினால் வயலில் வெறும் காம்புதான் நிற்கிறது. விதைக்கென்று ஒரு காய் மிஞ்சவில்லை.

மறுநாள் கொழுந்தன் ஒரு பையோடு வந்தார். "ஆடு பண்ணினதுக்கு நான் என்ன செய்ய அண்ணி? இந்தாங்க, உங்க உளுந்துக்கு உளுந்து."

பிரித்தேன். தோல் உரித்த வெள்ளை உளுந்து.

"முதல் தரம் அண்ணி. இட்லி பூவா வரும்."

அந்தக் கூலிக் காலத்தில் என்னோடு குனிந்து உளுந்து பிடுங்கின ஆள். தோல் போனது முளைக்காது என்பதை மறந்தே போயிருந்தார். கேலிக்குச் செய்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். வாங்கிக்கொண்டேன், அரைத்தேன். இட்லி நன்றாகத்தான் வந்தது.

இந்த வருஷமும் கதிர் சாய்ந்துவிட்டது. காலையில் வயலில் இறங்கிப் பார்த்தேன். தடம் அழகாகப் பதிகிறது. பஸ் ஏறினால் விதைக் கடை வந்துவிடும். நான் ஏறவில்லை.