திருநீறு பூசிச் சொன்ன சொல்

இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன். நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் வெஸ்ட்மீட்டில் எங்கள் வீட்டில் ஒரு தம்பி வாடகைக்கு இருந்தான். படகில் வந்து, விசா முடிவுக்குக் காத்திருந்தவன். ஊரில் உதைபந்தாட்டத்தில் பெயரெடுத்தவன். போரில் விழுந்த ஷெல் துண்டு அவன் முழங்காலைக் கெடுத்துவிட்டது. முழங்கால் தசைநார் கிழிந்தும் மீண்டு வந்து உலகக் கிண்ணம் வென்ற ஒரு பிரேசில் வீரரின் படத்தைக் கட்டிலருகே ஒட்டியிருந்தான்.

2011இல் அந்த வீரர் அழுதபடி ஓய்வை அறிவித்ததை ரிவியில் பார்த்தோம். தம்பி சாப்பிடவில்லை.

“அவருக்கே ஏலாமல் போச்சு அக்கா. எனக்கு இனி என்ன?”

நான் அவன் நெற்றியில் திருநீறு பூசினேன். “முருகன் இருக்கிறான். நீயும் ஒருநாள் திரும்பிப் போவாய்” என்றேன்.

அவன் என் கையைத் தட்டிவிட்டான். “விசா இல்லாதவனுக்குச் சொல்லுற சொல்லே இது?”

“ஐயோ, விளையாட கிரவுண்டுக்கு எண்டெல்லோ சொன்னனான்!”

“எனக்கு விளங்குது அக்கா. முருகனுக்கு விளங்கோணுமே” என்று சிரிக்கப் பார்த்தான்.

அடுத்த வருடம் அவனுக்கு விசா மறுத்து, ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். அதன்பின் அவனிடமிருந்து ஒரு அழைப்பும் இல்லை. இன்றும் விளக்கேற்றுகிறேன், வாய்விட்டு எதையும் கேட்பதில்லை.

இதை யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். அவன் மறுபடி விளையாடினான் என்று ஆறுதலுக்காகக்கூடச் சேர்த்துவிடாதீர்கள்.